கடலோசையையும் நீரோசையையும் களத்தில் பதிவு செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலை, ஆறு, அருவி, மழை, கிணறு என நீர் எழுப்பும் ஒலிகளைக் களத்துக்கே சென்று பதிவு செய்ய விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் கடற்கரையிலிருந்தே வருகின்றன. நீருக்கடி ஒலியைப் பேசும்போது மட்டும் மட்டக்களப்பு வாவிக்குப் போக வேண்டியிருக்கிறது.

கடற்கரையில் பதிவு செய்ததை வீட்டில் கேட்டால் ஏன் வெறும் இரைச்சலாக இருக்கிறது?

கரையில் நிற்கும்போது கண் ஓர் அலையைப் பின்தொடர்கிறது. காதும் அந்த ஓர் அலையையே தனியே பிரித்துக் கேட்கிறது. மைக்குக்கு அந்தத் தேர்வு கிடையாது. அலை உடையும் இடத்திலிருந்து ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளி வைத்தால், இரு பக்கமும் நீளும் கரை முழுவதிலும் வெவ்வேறு கணங்களில் உடைகிற நூற்றுக்கணக்கான அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நிலையம் பிடிக்காத ரேடியோவைப் போன்ற ஒரே சீரான இரைச்சலாகிவிடுகின்றன. விலை உயர்ந்த மைக் இதை மாற்றாது. மாற்றக்கூடியது தொலைவு ஒன்றுதான்.

ஆகவே முதலில் எந்த ஒலி வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். அலை கவிழ்ந்து விழும் அதிர்வு, நுரை மணலில் ஏறிப் பரவும் ஓசை, நீர் பின்வாங்கும்போது மணலும் கிளிஞ்சலும் உரசும் சரசரப்பு, கடைசியில் நுரைக் குமிழிகள் வெடித்து அடங்கும் மெல்லிய பொரிவு ஆகியவை ஒரே அலைக்குள் அடுத்தடுத்து வரும் தனித்தனி ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் மைக் இருக்க வேண்டிய இடம் வேறு. கடைசியாகச் சொன்ன பொரிவு வேண்டுமென்றால், நீர் ஏறி நிற்கும் எல்லைக்குச் சற்று மேலே, மணலிலிருந்து ஒரு முழ உயரத்தில் மைக்கைத் தாழ்த்தி வைக்க வேண்டும். அங்கே காது கொடுத்தால், நீர் வடிந்தபின் ஈரமணலின் நுண்துளைகள் வழியே காற்று குமிழியிட்டு வெளியேறும் ஒலிகூடத் தெளிவாகக் கேட்கும்.

அலையின் ஓசை உண்மையில் எதிலிருந்து பிறக்கிறது?

பெருமளவுக்கு நீருக்குள் சிக்கும் காற்றிலிருந்து. நீர் நீரோடு மோதுவது மட்டும் இவ்வளவு ஓசை எழுப்புவதில்லை. அலை கவிழும்போது காற்றை உள்ளிழுத்துக் குமிழிகளாக்குகிறது. பிறந்த கணத்தில் ஒவ்வொரு குமிழியும் சுருங்கி விரிந்து அதிர்கிறது. குமிழியின் அளவுக்கும் அது எழுப்பும் சுருதிக்கும் உள்ள தொடர்பை டச்சு அறிவியலாளர் மார்செல் மின்னேர்ட் 1933இல் கணக்கிட்டுக் காட்டினார். அதன்படி 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 3,260 ஹெர்ட்ஸிலும், 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 326 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். நுரையின் சீறல் மேல்சுருதியில் இருப்பதும், பேரலை கவிழும்போது அடிவயிற்றில் உணரும் முழக்கம் எழுவதும் இதனால்தான். குமிழிகள் மேகம்போலத் திரளும்போது அவை ஒன்றாக அதிர்ந்து இன்னும் தாழ்ந்த சுருதியையும் எழுப்புகின்றன. குழாயிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும் இவ்வாறே பிறக்கிறது: துளி விழுந்த குழிக்கடியில் சிக்கும் சிறு குமிழியே அதற்குக் காரணம் என்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வால் குழுவினர் 2018இல் அதிவேகக் கேமராவும் மைக்கும் கொண்டு உறுதி செய்தனர்.

இது ஏட்டறிவு மட்டுமன்று. நீர் எங்கே காற்றை விழுங்குகிறதோ அங்கேதான் ஒலி பிறக்கிறது என்பது தெரிந்தால், ஓடையிலோ மதகிலோ மைக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. வழவழவென்று ஓடும் நீர் எவ்வளவு விரைந்தாலும் ஏறக்குறைய ஓசையற்றது. அது ஒரு கல்லில் ஏறி மறுபுறம் விழும் இடமே பேசுகிறது.

தமிழகக் கடற்கரையில் எந்த இடம் நல்ல ஒலி தரும்?

கடல் எல்லா இடத்திலும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதை உணர இராமேசுவரம் தீவைவிடச் சிறந்த இடம் இல்லை. தீவின் வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பகுதியை மீனவர்கள் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். வடபுறம் ஆழம் குறைந்த, பெரும்பாலும் அடங்கிய நீர். அங்கே அலை உடைவதைவிட, படகின் அடிப்பலகையில் நீர் தட்டும் ஓசையும் கரையோரப் பாசியைச் சிற்றலை புரட்டும் ஓசையுமே அதிகம் கேட்கும். தென்புறத்தில் திறந்த கடலின் அலை நேரே வந்து விழும். தனுஷ்கோடிச் சாலையின் இருபுறமும் சில நூறு மீட்டர் இடைவெளியில் இவ்விரண்டையும் ஒரே காலையில் பதிவு செய்யலாம். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அதைப் பொறுத்து இரண்டின் தன்மையும் இடம் மாறக்கூடும் என்பதையும் அங்கேயே காணலாம்.

சென்னையிலிருந்து தெற்கே நாகப்பட்டினம் வரையுள்ள சோழமண்டலக் கரையில் பல இடங்களில் மணல் செங்குத்தாக இறங்குவதால் அலை கரைக்கு மிக அருகே வந்து ஒரே அடியாகக் கவிழும். தாழ்ந்த முழக்கமும் அதைத் தொடர்ந்து ஒரு நொடி அமைதியும் கிடைக்கும். கரை சாய்வாக நீளும் இடங்களில் அலை தொலைவிலேயே நுரைக்கத் தொடங்கி வழிந்துகொண்டே வரும்; அங்கே முழக்கம் குறைவு, சீறல் அதிகம். மெரினா காணப் பரந்தது, ஆனால் பதிவுக்கு அதுவே தடை: சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின்னர் அதன் தெற்கே மணல் சேர்ந்து விரிந்த கரை அது, சாலையிலிருந்து நீர் வரை நடந்தாலும் மக்களின் ஓசை கூடவே வரும். பாறைக் கரை வேண்டுவோர் முட்டத்துக்கும் கன்னியாகுமரிக்கும் செல்லலாம். பாறை இடுக்கில் நீர் புகுந்து காற்றை வெளியே தள்ளும் மூச்சொலி மணற்கரையில் கிடைக்காத ஒன்று.

கற்கள் கொட்டிய கரையையும் ஒதுக்க வேண்டியதில்லை. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுகளும் கல்சுவர்களும் நம் கரையின் ஒலியையே மாற்றிவிட்டன. புதுச்சேரியில் 1980களில் துறைமுகத் தடுப்புச் சுவர் எழுந்தபின் மணல் போனது. பல ஆண்டுகள் கடற்கரைச் சாலையில் கேட்டதெல்லாம் கற்குவியலுக்குள் நீர் புகுந்து களகளக்கும் ஓசைதான். 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி நீருக்கடியில் தடுப்பு அமைத்தபின் தலைமைச் செயலகத்துக்கு அருகே மணல் மீண்டது, அதனோடு மணற்கரையின் ஓசையும் மீண்டது. இடையிலிருந்த அந்த ஓசையைப் பதிவு செய்து வைத்தவர்கள் இன்று ஒரு வரலாற்றுச் சான்றைக் கையில் வைத்திருக்கிறார்கள். அழகான ஒலியை மட்டும் தேடிப் போவதைவிட, தம் ஊர்க் கரையை அது இருக்கிறபடியே ஆண்டுதோறும் பதிவு செய்வது மேலான பணி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் செல்வது?

கிழக்குக் கரையில் விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரமே மிகச் சிறந்தது. பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று எழுந்துவிடும். இரவு முதல் காலை வரை காற்று அடங்கியோ நிலத்திலிருந்து மெல்ல வீசியோ இருக்கும். நிலக்காற்று அலையின் முகட்டை ஒழுங்குபடுத்தித் தருவது நன்மை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நெடுஞ்சாலை அருகிலிருந்தால் லாரிகளின் ஓசையையும் அதுவே சுமந்து வரும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையில் கடல் உரக்கப் பேசும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்படி.

பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு காலம் உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் தொடுவானத்திலிருந்து ஓயாமல் வரும் இயந்திர முனகல் அந்த இரண்டு மாதங்களில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. காதுக்கே தெரியும் இந்த வேறுபாடு நீருக்கடியில் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

காற்றின் தொல்லையை எப்படிச் சமாளிப்பது?

மைக்கின் சவ்வில் காற்று நேரே மோதினால் எழும் கடகடப்பை எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்க முடியாது. மைக்குடன் வரும் பஞ்சுறை அறைக்குள் பேசுவதற்குப் போதுமே தவிரக் கடற்கரைக்குப் போதாது. நீண்ட ரோமம் கொண்ட உறை குறைந்தபட்சத் தேவை. அதற்கு மேலும் வேண்டுமென்றால் மைக்கைச் சுற்றி இடைவெளி விட்டு அமைந்த கூண்டும், அதன்மேல் ரோம உறையும் பயன்படும். இவை இல்லாதபோது நிலத்தையே துணைக்கு அழைக்க வேண்டும்: கரையேற்றி வைத்த படகின் மறைவு, மணல்மேட்டின் சரிவு, கல்சுவரின் பின்புறம் எல்லாம் காற்றைத் தடுத்து அலையை அனுமதிக்கும். மைக்கைத் தாழ்த்துவதும் உதவும், ஏனெனில் தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு.

சவுக்குத் தோப்பு மறைவாகப் பயன்படும் என்று நினைத்து அதற்குள் போவது வீண். சவுக்கிலையில் காற்று எழுப்பும் ஓசை நுரையின் சீறலோடு இரண்டறக் கலந்துவிடும். பின்னர் எது கடல், எது மரம் என்று பிரிக்க வழியில்லை.

தாழ்சுருதி வடிகட்டியை இயக்கலாமா என்றும் கேட்கிறார்கள். காற்றின் கடகடப்பு இருக்கும் அதே தாழ்ந்த பகுதியில்தான் அலை கவிழும் முழக்கமும் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் இரண்டும் போகும். பதிவின்போது வடிகட்டியை அணைத்துவைத்து, தேவைப்பட்டால் பிறகு நிதானமாகக் கேட்டு வெட்டுவதே நல்லது.

கைப்பேசி போதுமா?

தொடங்குவதற்குப் போதும். ஆனால் ஒலி கூடும்போது தானே குறைத்து, குறையும்போது தானே கூட்டும் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைக்க வசதியுள்ள செயலியைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் பேரலையும் சிற்றலையும் ஒரே உரப்பில் பதிவாகிக் கடலின் மூச்சே காணாமல் போய்விடும். அடுத்த படியாக, இரண்டு மைக்குகள் பொருத்திய கையடக்க ரெக்கார்டரும், காதை முழுதும் மூடும் ஹெட்போனும், சிறிய டிரைபாடும், ரோம உறையும் வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வேறெதுவும் தேவைப்படாது. பணம் குறைவாக இருந்தால் மைக்கைவிட உறைக்கு முன்னுரிமை தருக.

பதிவின் அளவையும் வடிவத்தையும் எப்படி அமைப்பது?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் வடிவம் என்பதே பொருத்தமான தொடக்கம். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். வேகத்தைக் குறைத்துக் கேட்கும் எண்ணமிருந்தால் மட்டும் 96 கிலோஹெர்ட்ஸ் பயன் தரும். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, அமைக்குமுன் பத்து நிமிடமாவது அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அலைகள் கூட்டம் கூட்டமாக வருபவை; சில நிமிடங்களுக்கு ஒருமுறை சராசரியைவிட மிகப் பெரிய அலைகள் சில சேர்ந்து வரும். அந்தப் பெரிய அலையின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அமைத்தால் கிளிப்பிங், அதாவது ஒலியின் உச்சம் வெட்டுப்பட்டுச் சிதைவது, பற்றிய கவலை இல்லை. மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒருங்கே தாங்கும், இப்போது பரவலாகிவரும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் இந்தக் கவலையைப் பெரிதும் நீக்குகின்றன, என்றாலும் மைக்கே திணறும் அளவுக்கு ஒலி வந்தால் அவையும் உதவா.

எம்.பி.3 வடிவில் பதிவு செய்ய வேண்டாம். பேச்சிலும் பாட்டிலும் அதன் குறை எளிதில் தெரியாது. நுரையோசை போன்ற ஒழுங்கற்ற ஒலியிலோ, குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்குக் குறைந்த தரவில்) ஒரு செயற்கையான நெளிவு உடனே கேட்கும்.

இரண்டு மைக்குகளை எப்படி நிறுத்துவது?

நேரே கடலைப் பார்த்து நின்றால் அலை இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ உடைந்துகொண்டே ஓடுவது தெரியும். அந்த ஓட்டமே ஸ்டீரியோ பதிவின் உயிர். ஒரே புள்ளியில் குறுக்காக வைத்த மைக்குகள் திசையைத் தெளிவாகக் காட்டும், ஆனால் பரப்பைச் சுருக்கும். பிரெஞ்சு வானொலி உருவாக்கிய முறைப்படி 17 சென்டிமீட்டர் இடைவெளியும் 110 பாகைக் கோணமும் விட்டு வைத்தால் திசை, பரப்பு இரண்டும் கிடைக்கும். கடலுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

நீருக்கடியில் பதிவு செய்ய முடியுமா? அங்கே என்ன கேட்கும்?

முடியும். அதற்கென அமைந்த ஹைட்ரோஃபோன் எனும் நீர்மைக் தேவை. அலை உடையும் இடத்தில் அதைப் போட்டால் மணல் மோதும் ஓசை தவிர வேறெதுவும் பதிவாகாது. அடங்கிய நீரே அதற்கு உகந்தது. கேபிளின் கீழ்முனையில் சிறு எடையும் மேலே மிதவையும் கட்டி, கேபிள் படகில் உரசாதபடி தளர்வாக விட வேண்டும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்வதால், ஸ்டீரியோ உணர்வு வேண்டுமானால் இரண்டு நீர்மைக்குகளுக்கு இடையே முக்கால் மீட்டராவது இடைவெளி தேவை.

மன்னார் வளைகுடா போன்ற வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் முதலில் காதில் விழுவது ஓயாத பொரியல் ஓசை. அது கருவியின் கோளாறன்று. சொடுக்கு இறால்களின் ஓசை. தன் பெரிய கொடுக்கை மின்னல் வேகத்தில் மூடும்போது நீரில் உண்டாகும் குமிழி குலைந்து நொறுங்குவதே அந்த வெடிப்பு என்பதை 2000இல் ஆய்வாளர்கள் நிறுவினர். அதற்கு நடுவே கத்தாளை மீன்கள் காற்றுப்பையை அதிரவைத்து எழுப்பும் உறுமலும் கேட்கலாம்.

நீருக்கடி ஒலியைக் கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தருகே, நிலவு காயும் அமைதியான இரவுகளில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காது வைத்து அந்த வாவியின் இசையைக் கேட்பார்கள். மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று அழைப்பது இதனால்தான். 1848இல் அங்கே வந்த இலங்கையின் குடியேற்றச் செயலர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் மதுக்கிண்ணத்தின் விளிம்பைத் தடவியதுபோன்ற மெல்லிய தொனிகளைக் கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார். பாடுவது மீனா, ஊரி எனும் நத்தையா என்பது குறித்த கருத்து வேறுபாடு அன்றே இருந்தது, இன்றும் தொடர்கிறது. நீர்மைக்கோடு பொறுமையாக உட்காரத் தமிழ்நிலத்தில் இதைவிடத் தகுதியான இடம் எனக்குத் தெரியாது.

ஆறு, அருவி, வாய்க்கால், கிணறு ஆகியவற்றைப் பற்றி?

அருவியை அருகிலிருந்து பதிவு செய்தால் கடலைத் தொலைவிலிருந்து பதிவு செய்தது போன்ற அதே இரைச்சல்தான் மிஞ்சும். குற்றாலத்தில் பேரருவியின் விழுமிடத்தைவிட, விழுந்த நீர் பாறைகளுக்கிடையே பிரிந்து ஓடும் இடம் நல்ல பலன் தரும். காவிரிப் படுகையில், மேட்டூர் அணையிலிருந்து வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும் நீர் வறண்ட வாய்க்காலுக்குள் முதன்முதலாக நுழையும் கணத்தை யாராவது ஊர்தோறும் பதிவு செய்ய வேண்டும்: காய்ந்த சருகைத் தள்ளிக்கொண்டு, வெடித்த மண்ணின் பிளவுகளில் இறங்கி, உள்ளிருக்கும் காற்றைக் குமிழிகளாக வெளியேற்றியபடி வரும் அந்த ஓசை ஓர் இடத்தில் சில நிமிடங்களே நீடிக்கும். கிணற்றுக்குள் மைக்கை இறக்குவோர் கயிற்றையும் கேபிளையும் தனித்தனியே கட்ட வேண்டும். உறைச்சுவர் ஒரு துளியின் ஓசையைக்கூட நீட்டித் தரும் என்பதால் பம்புசெட் ஓடாத நேரம் பார்த்துச் செல்வது அவசியம்.

உப்புக்காற்றிலிருந்து கருவிகளை எப்படிக் காப்பது?

வீடு திரும்பியதும் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கருவியின் உடலையும் டிரைபாடின் கால்களையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து கருவியை எடுத்தவுடன் இயக்கினால் ஈரம் படிந்து கன்டென்சர் மைக் படபடக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பாதுகாப்பாகப் பதிவு செய்ய எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஹெட்போன் அணிந்தவர் கடலுக்கு முதுகு காட்டக்கூடாது. பெருக்கிய ஒலியில் ஆழ்ந்திருக்கும்போது எந்த அலை எவ்வளவு அருகில் வருகிறது என்ற உணர்வு மழுங்கிவிடும். கூட ஒருவர் ஹெட்போன் இல்லாமல் நிற்பது கட்டாயம். கள்ளக்கடல் என்று தென்கோடி மீனவர்கள் சொல்லும் நிகழ்வில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த நீண்ட அலைகள் உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாதபோதே கரையேறி வரும். 2024 மே மாதம் அப்படியொரு எச்சரிக்கை நடப்பிலிருந்த நாளில் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தனர். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயர முன்னறிவிப்பையும் கள்ளக்கடல் எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பாறைக்கோ தூண்டில் வளைவின் முனைக்கோ போகவே கூடாது.

அனுமதி தேவையா?

பொதுக் கடற்கரையில் சிறு கருவியோடு பதிவு செய்ய வழக்கமாகத் தடை இல்லை. துறைமுகம், அணுமின் நிலையம், கடற்படை வளாகம் ஆகியவற்றின் அருகில் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லக்கூடாது. மீனவக் குப்பங்களில் முதலில் பெரியவர் ஒருவரிடம் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லி, ஹெட்போனை அவர் காதில் வைத்துக் காட்டுங்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் அலை எப்படி விழும் என்பதைக் காற்றின் பெயரோடு, வாடையா கொண்டலா கச்சானா என்று பிரித்து அவர் சொல்வது எந்த வழிகாட்டி நூலிலும் இராது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டோ பேச்சோ பதிவானால், அவர்கள் ஒப்புதலின்றி வெளியிடக்கூடாது.

படகு, ஆள் ஓசைகளை வெட்டிவிடலாமா?

தூக்கத்துக்கோ தியானத்துக்கோ உரிய ஒலி தயாரிப்பவர் வெட்டலாம். ஆனால் மூலப்பதிவை வெட்டாமல் தனியே பாதுகாக்க வேண்டும். ஃபைபர் படகின் என்ஜின் ஓசையும், ஏலத்தின் கூவலும் இன்றைய கடற்கரையின் உண்மையான பகுதிகள். கட்டுமரத்தைத் துடுப்பால் செலுத்திய காலத்துக் கரையின் ஓசையை இன்று கேட்க முடியாதிருப்பதே இதன் மதிப்பைச் சொல்லும்.

பதிவோடு எவற்றைக் குறித்துவைப்பது, எங்கே சேமிப்பது?

இடத்தின் பெயர், நாள், நேரம், காற்றின் திசை, நீர் ஏற்றத்தில் இருந்ததா வற்றத்தில் இருந்ததா, மைக் நீரிலிருந்து எவ்வளவு தொலைவில் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது, எந்தக் கருவி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொந்தக் குரலில் சொல்லிவிடுவது எளிய வழி; தாள் தொலையும், கோப்புக்குள் இருக்கும் குரல் தொலையாது. ஒரு பதிவு பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் படி எடுத்துவைத்து, பிறருக்கும் பயன்பட வேண்டுமென்றால், பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் நடத்திவரும் ஃப்ரீசவுண்ட் தளத்திலோ விக்கிமீடியா காமன்ஸிலோ கட்டற்ற உரிமத்தில் ஏற்றலாம். அங்கே ஏற்றும்போது சுருக்கினாலும் தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்து, ஊரின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதினால் தேடுவோர் கையில் அது கிடைக்கும்.